தன் கையே தனக்குதவி

பாரிசவாதத்தால் வீழ்ந்த ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்று வைத்தியர் கூறிய மாத்திரத்தே வீட்டாரின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிடுகிறது. ஆயினும் சில நாட்கள் சென்றதும் வேறொரு கவலை மெல்லத் தலையெடுக்கின்றது. அவர் தாமாக எழுந்து உட்கார்வாரா? சோற்றைப் பிசைந்து உண்பாரா? இரவில் மலசலகூடத்துக்குச் செல்ல ஒருவரை எழுப்ப வேண்டியிருக்குமா? யாவரும் வேலைக்குச் சென்றபின் அவரைத் தனியே விட்டுவைக்கலாமா? இவ்வினாக்களுக்கு இரத்தப் பரிசோதனையும் கதிர்ப்படமும் விடை கூறமாட்டா. மூளையில் ஏறக்குறைய ஒரேயளவு பழுதுற்ற இருவருள் ஒருவர் சில மாதங்களில் தம் கருமங்களைத் தாமே கவனித்துக்கொள்வதும், மற்றவர் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டைக் கண்ணாற் கண்டு, எண்ணால் எழுதி, அதைக் கொண்டு மேற்கொண்டு செய்யவேண்டிய சிகிச்சையைத் தீர்மானிப்பது புனர்வாழ்வு மருத்துவத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாகும்.

கண்டி நகரிலிருந்து கிழக்கே மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், குண்டசாலையைக் கடந்து சென்றால் திகன என்னும் ஊர் வரும். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் உள்ள இவ்வூரில் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்று இருக்கின்றது. உயிராபத்து நீங்கியும் உடல் முன்போல் இயங்காத நிலையிலுள்ளோருக்குரிய இடம் இது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பழுதுற்றவர், வீதி விபத்தில் அடிபட்டவர், கால் துண்டிக்கப்பட்டவர் என இத்தகைய வைத்தியசாலையை நாடுவோர் பலதிறத்தினர். இவர்களுக்கு மருந்தைக் காட்டிலும் பயிற்சியே பெரிது. வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகிய பலர் ஒரே நோயாளியிடம் பணியாற்றுகின்றனர். பலர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, அவர்கள் அனைவரும் விளங்கிக்கொள்ளும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். ஒருவர் “தேறி வருகிறார்” என்றும், மற்றொருவர் “பரவாயில்லை” என்றும் குறிப்பெழுதினால், உண்மையில் என்ன தேறிற்று என்பது ஒருவருக்கும் விளங்காது.

இவ்வளவுகோல் தோன்றிய வரலாறு நெடியதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கம் பழுதுற்ற போர்வீரர் ஆயிரக்கணக்கில் உயிர் தப்பினர். இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் என்னுமிடத்தில் 1944 ஆம் ஆண்டு லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முள்ளந்தண்டு பழுதுற்றோருக்கெனத் தனிப்பிரிவொன்றை நடத்தத் தொடங்கினார். நோயாளிகள் படுக்கையிலே கிடந்து மாண்டுபோவதே விதி என்று கருதப்பட்ட காலம் அதனோடு மாறலாயிற்று. பயிற்சி பெருகியபோது, பயிற்சியால் விளைந்த பயன் எவ்வளவு என்ற கேள்வியும் எழுந்தது.

அமெரிக்காவில் சிட்னி காட்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1963 ஆம் ஆண்டில் அன்றாடக் கருமங்கள் ஆறினைக் கொண்ட அளவை ஒன்றை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், மலசலகூடம் செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து மாறுதல், மலசலத்தை அடக்கல், உண்ணல் என்பன அவை. முதியோரை உற்றுநோக்கிய அவர்கள் வியக்கத்தக்க ஒழுங்கொன்றைக் கண்டனர். நோயுற்றவர் பொதுவாக முதலில் இழப்பது குளிக்கும் ஆற்றல். கடைசியில் இழப்பது உண்ணும் ஆற்றல். தேறும்போது இவ்வரிசை தலைகீழாகின்றது. உண்ணல் முதலில் மீள்கின்றது, குளித்தல் இறுதியில் வருகின்றது. ஒரு குழந்தை வளரும்போது இவ்வாற்றல்களைப் பெறும் முறையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

இதற்கு இரண்டாண்டுகளின் பின், 1965 இல், மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் மஹோனி என்ற வைத்தியரும், டோரத்தியா பார்த்தெல் என்ற இயன்மருத்துவரும் தாம் கையாண்டுவந்த அட்டவணையை வெளியிட்டனர். பார்த்தெல் சுட்டெண் என்று இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. இதில் பத்துக் கருமங்கள் உள்ளன. உண்ணலுக்கு 10 புள்ளிகள், குளித்தலுக்கு 5, முகம் கழுவித் தலைவாருதல் முதலியவற்றுக்கு 5, உடுத்தலுக்கு 10, மலத்தை அடக்கலுக்கு 10, சலத்தை அடக்கலுக்கு 10, மலசலகூடத்தைப் பயன்படுத்தலுக்கு 10, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதலுக்கு 15, சமதரையில் நடத்தலுக்கு 15, படியேறி இறங்கலுக்கு 10. ஆக மொத்தம் 100. பிறர் உதவி சிறிது வேண்டியிருந்தால் புள்ளி குறைகின்றது. முற்றாகப் பிறரைச் சார்ந்திருந்தால் பூச்சியம். ஊன்றுகோல் போன்ற கருவியைத் துணைக்கொள்வதால் சுயாதீனம் குறைவதில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று கண்காணிக்க வேண்டியிருந்தால், அது முழுச் சுயாதீனமாகக் கொள்ளப்படுவதில்லை.

எண்கள் எவ்வாறு பேசுகின்றன என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ரங்கலை, தெல்தோட்டை போன்ற மலைப்பகுதித் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்குப் பாரிசவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போயின எனக் கொள்வோம். புனர்வாழ்வுப் பிரிவுக்கு வரும்போது அவர் இடக்கையால் ஓரளவு உண்கிறார், அதற்கு 5. உடுத்தலில் பாதியைச் செய்கிறார், அதற்கு 5. மலம் அடங்குகிறது, 10. சலம் இடையிடையே தவறிவிடுகிறது, 5. மலசலகூடத்தில் உதவி வேண்டும், 5. எழுந்து நாற்காலிக்கு மாற, இருவர் பிடிக்க வேண்டும்; 5. குளித்தல், முகங்கழுவல், நடத்தல், படியேறல் நான்கும் பூச்சியம். மொத்தம் 35.

ஆறு வாரப் பயிற்சியின் பின் மீண்டும் அளக்கிறார்கள். உண்ணல் 10, முகங்கழுவல் 5, உடுத்தல் 10, மலம் 10, சலம் 10 என்று இவை யாவும் நிறைந்துவிட்டன. மாறுதல் 10, ஒருவர் கைகொடுத்தால் நடக்கிறார், அதற்கு 10, பிடித்துக்கொண்டு படியேறுகிறார், 5, மலசலகூடம் 5, குளித்தல் இன்னும் பூச்சியம். மொத்தம் 75. முப்பத்தைந்து எழுபத்தைந்தாயிற்று என்று குடும்பத்தினர் மகிழ்வது நியாயமே.

ஆனால் அளவையின் பயன் அந்த 75 இல் முடிந்துவிடவில்லை. குறைந்த 25 புள்ளிகள் எங்கே குறைந்தன என்று பார்க்க வேண்டும். குளித்தலில் 5, மலசலகூடத்தில் 5, மாறுதலில் 5, நடத்தலில் 5, படியில் 5 என ஐந்து இடங்களில் ஐந்தைந்து புள்ளிகள். இந்த ஐந்தும் காலின் உறுதியையும் உடலின் சமநிலையையும் சார்ந்தவை. இப்பெண் திரும்பிச் செல்லும் இடமோ மலைச்சரிவில் அமைந்த லயன் வீடு. அங்கே தண்ணீர்ப் பீலியும் மலசலகூடமும் வீட்டுக்கு வெளியே இருப்பது வழக்கம். வாசலில் இறங்கினால் கல்லும் படியும் மழை நாளில் வழுக்கும் மண்ணும். ஆகவே அவருக்குக் குறைந்துள்ள 25 புள்ளிகளும் அவர் வீட்டில் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகின்ற 25 புள்ளிகளாகும். அதே 75 புள்ளிகளைப் பெற்ற மற்றொருவர், சமதரையில் கட்டிய வீட்டில், அறைக்கருகிலேயே மலசலகூடமுள்ள வசதியோடு வாழ்பவராயின், மறுநாளே வீடு செல்லலாம். எண் ஒன்று, வாழ்க்கை வேறு. எனவேதான் அனுபவமுள்ள சிகிச்சையாளர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவ்வீட்டின் படிகளையும் மலசலகூடத்தையும் கேட்டறிகின்றனர். கூடத்துத் தரையில் நடத்திய பயிற்சியோடு நில்லாது, உயர்ந்தும் தாழ்ந்தும் உள்ள படிகளில் ஏறி இறங்கவும் பழக்குகின்றனர். வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி, மலசலகூடத்தில் ஓர் உயர்ந்த இருக்கை, பீலிக்குப் பதிலாக வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் முக்காலியும் என்னும் சிறு ஏற்பாடுகள் மாதக்கணக்கான பயிற்சிக்கு ஈடான பலனை அளிப்பதுண்டு.

மேலைநாட்டில் வகுத்த அளவையை இந்நாட்டில் கையாளும்போது கவனிக்க வேண்டிய வேறு செய்திகளும் உள. மஹோனியும் பார்த்தெலும் உண்ணலைப் பற்றி எழுதும்போது இறைச்சியை வெட்டுவதையும் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதையும் மனத்திற் கொண்டனர். இங்கே உண்ணல் என்பது சோற்றையும் கறியையும் வலக்கையால் பிசைந்து கவளமாக்கி எடுப்பது. வலக்கை செயலிழந்தவர் இடக்கையால் உண்ணும் ஆற்றல் பெற்றிருந்தும், இடக்கை சுத்தத்துக்குரிய கை என்ற நெடுநாள் வழக்கத்தினால் கூச்சமுற்று, ஊட்டிவிடும்படி கேட்பதுண்டு. அவருடைய குறை தசையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. இடக்கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தால் அக்கூச்சம் பெரும்பாலும் அகன்றுவிடும். அவ்வாறே மேலைநாட்டார் இருக்கையில் அமர்ந்து பழகியவர். இந்நாட்டில் பலர் குந்தியிருந்து பழகியவர். ஒரு கால் வலுவிழந்தவர் குந்தி எழுவது நாற்காலியிலிருந்து எழுவதினும் பன்மடங்கு கடினம். சேலையை ஒரு கையால் மடித்துச் செருகுவதற்கும் மேற்சட்டையை அணிவதற்கும் உள்ள வேறுபாடும் சிறிதன்று. இவற்றையெல்லாம் கருதாது புள்ளியிட்டால், அந்த எண் வேறொரு நாட்டு நோயாளியின் எண்ணாகவே இருக்கும்.

இவ்வளவைகளைக் கையாள்வோர் கடைப்பிடிக்கும் முக்கியமான விதி ஒன்றுண்டு. நோயாளி என்ன செய்யக்கூடும் என்பதை எழுதலாகாது. நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதையே எழுதவேண்டும். காலையில் பயிற்சிக் கூடத்தில் இயன்மருத்துவர் முன்னிலையில் பத்தடி நடந்தவர், மாலையில் விடுதியில் கட்டிலை விட்டு இறங்காதிருக்கலாம். இயன்மருத்துவர் கண்டது அவருடைய ஆற்றல். தாதி கண்டது அவருடைய வாழ்க்கை. இரண்டுக்கும் இடைவெளி தோன்றும்போது அதன் காரணத்தைத் தேடுவதே சிகிச்சையின் அடுத்த படியாகும். அக்காரணம் பயமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

பல வேளைகளில் அக்காரணம் அன்பாகவும் இருக்கின்றது. தமிழ்க் குடும்பங்களில் நோயுற்ற தாய்தந்தையரைப் பேணுதல் பெருங்கடமையாக மதிக்கப்படுகின்றது. அதனால் மகள் சோற்றை ஊட்டுகிறாள். மகன் தூக்கி உட்கார்த்துகிறான். மருமகள் தலைவாரி விடுகிறாள். இவ்வன்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும் பாரிசவாதத்தின் பின் மூளை மீண்டும் கற்பது, மீண்டும் மீண்டும் செய்வதனாலேயே. ஒரு பொத்தானைப் பூட்ட நோயாளிக்குப் பத்து நிமிடம் செல்லுமாயின், அப்பத்து நிமிடமும் அவருக்குரிய மருந்து. பொறுமையிழந்து அரை நிமிடத்தில் பூட்டிவிடும் உறவினர், தாம் அறியாமலே அம்மருந்தைத் தட்டிப் பறித்தவராகிறார். வைத்தியசாலையில் 75 ஆக இருந்த எண், வீடு சென்ற சில மாதங்களில் 60 ஆக இறங்குமாயின், அங்கே நோய் திரும்பி வந்ததா, உபசாரம் மிகுந்ததா என்று ஆராய வேண்டும்.

பார்த்தெல் அளவையில் காணாத பகுதியொன்றுண்டு. மனம், மொழி, நினைவு ஆகியவற்றை அது கேட்பதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, அமெரிக்கப் புனர்வாழ்வு மருத்துவச் சங்கங்கள் இரண்டின் ஆதரவில் 1980 களின் நடுப்பகுதியில் செயற்பாட்டுச் சுயாதீன அளவை உருவாக்கப்பட்டது. பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிரேஞ்சர் இதில் முன்னின்றவர். இது 18 கருமங்களைக் கொண்டது. அவற்றுள் 13 உடலைச் சார்ந்தவை. விளங்கிக்கொள்ளல், கருத்தை வெளியிடல், பிறரோடு பழகல், சிக்கலைத் தீர்த்தல், நினைவு ஆகிய 5 அறிவைச் சார்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிடுவர். எவ்வித உதவியுமின்றித் தக்க நேரத்தில் பத்திரமாகச் செய்பவருக்கு 7. கருவியின் துணையாலோ நேரம் கூடுதலாக எடுத்தோ செய்பவருக்கு 6. எவரும் தொடாமல் அருகில் நின்றால் போதும் என்பவருக்கு 5. முயற்சியில் முக்காற்பங்கும் அதற்கு மேலும் நோயாளியுடையதாயின் 4. பாதிக்குக் குறையாதாயின் 3. காற்பங்குக்குக் குறையாதாயின் 2. அதற்கும் கீழாயின் 1. ஆகக் குறைந்த மொத்தம் 18, ஆகக் கூடியது 126.

அறிவைச் சார்ந்த அந்த ஐந்து கருமங்களை அளப்பதில் மலைநாட்டில் தனிக் கவனம் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த ஒரு நோயாளியிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டு, விடை வராமையால் விளங்கும் ஆற்றல் குறைந்தது என்று எழுதினால், அங்கே அளக்கப்பட்டது மூளையன்று, மொழியே. சிங்களம் மட்டும் அறிந்தவரிடம் தமிழில் கேட்டாலும் இதே பிழை நேரும். நோயாளியின் தாய்மொழியில் பேசவல்ல ஒருவர் அருகிலிருப்பது இங்கே மரியாதைக்காக மட்டுமன்று, அளவையின் உண்மைக்காகவும் வேண்டப்படுவது. அத்தகையவர் இல்லாத வேளையில் உறவினர் மொழிபெயர்க்கலாம். ஆனால் அவர் தம் அன்பினால் நோயாளிக்குப் பதிலாகத் தாமே விடை சொல்லிவிடாதிருக்க வேண்டும்.

சுயாதீனம் என்றால் நடத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறென்பதற்குத் தமிழகத்து வேலூரில் வாழ்ந்த ஒருவர் சான்றாவார். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைத்தியர் மேரி வர்கீஸ் 1954 ஆம் ஆண்டு வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு பழுதுற்று, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். வெளிநாட்டில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963 இல் அக்கல்லூரியின் புனர்வாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966 இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பார்த்தெல் அளவையில் நடக்க முடியாது சக்கர நாற்காலியைத் தாமே செலுத்துபவருக்கு நடத்தலின் 15 புள்ளிகளில் 5 மட்டுமே கிடைக்கும்; படியேறலில் ஒன்றுமில்லை. அவ்வளவை மேரி வர்கீசின் வாழ்க்கையைச் சொல்லப் போதுமானதன்று. முள்ளந்தண்டு பழுதுற்றோருக்கெனத் தனி அளவை வேண்டும் என்பதை உணர்ந்து, 1997 இல் இஸ்ரேல் நாட்டு வைத்தியர் அமிராம் காட்ஸும் அவரைச் சேர்ந்தோரும் முண்ணாண் சுயாதீன அளவையை வெளியிட்டனர். அதில் தன்னைப் பேணலுக்கு 20, மூச்சுக்கும் மலசலக் கட்டுப்பாட்டுக்கும் 40, இயங்கலுக்கு 40 என நூறு புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. அந்நோயாளருக்கு எது பெரிது என்பதை அறிந்தோர் செய்த பங்கீடு அது.

எண்ணின் மேல் அளவுகடந்த நம்பிக்கை வைத்தலும் ஆகாது. 20 இலிருந்து 30 ஆவதும் 80 இலிருந்து 90 ஆவதும் ஒரே முன்னேற்றமன்று. இவை தராசில் நிறுத்த அரிசியைப் போன்ற எண்களல்ல, படிவரிசையைக் காட்டும் எண்கள். 100 பெற்றவர் தனியே வாழவல்லவர் என்றும் கொள்ளலாகாது. அவருக்குச் சமைக்கவோ வீட்டைப் பராமரிக்கவோ இயலாமற் போகலாம் என்பதை மஹோனியும் பார்த்தெலும் தம் கட்டுரையிலேயே எடுத்துரைத்தனர். தோட்டத்துக்குத் திரும்பிக் கொழுந்து பறிக்க இயலுமா, பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குச் செல்ல இயலுமா, கோயில் திருவிழாவில் கலந்துகொள்ள இயலுமா என்பனவும் அந்த நூறில் அடங்கா. உலக சுகாதார ஸ்தாபனம் 2001 இல் வெளியிட்ட வகைப்பாடு, உடற்குறையோடு செயலையும் சமூகப் பங்கேற்பையும் சூழலையும் சேர்த்து நோக்க வேண்டும் என்று வற்புறுத்தியது இதனாலேயே.

எண் விலையாக மாறும்போது மற்றுமோர் ஆபத்தும் தோன்றும். அமெரிக்க அரசாங்கத்தின் முதியோர் மருத்துவக் காப்புறுதி, 2002 முதல் 2019 வரை, புனர்வாழ்வு வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் பணத்தை நிர்ணயிக்கச் செயற்பாட்டுச் சுயாதீன அளவையையும் பயன்படுத்தியது. பணம் சார்ந்திருக்கும் எண்ணை நேர்மையோடு எழுதுவதற்கு மிகுந்த மனவுறுதி வேண்டும். வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும் இலங்கையில் அத்தகைய நிர்ப்பந்தம் இல்லை. ஆனால் கட்டில்கள் சில, காத்திருப்போர் பலர் என்னும் நிலையில், புள்ளி கூடியவரை விரைந்து வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் எங்கும் எழக்கூடியதே. அங்கே எண்ணோடு வீட்டையும் சேர்த்து நோக்குவோரே நோயாளிக்கு நீதி செய்வோர்.

புனர்வாழ்வு வைத்தியசாலையிலிருந்து உறவினரை அழைத்துச் செல்ல வருவோர், மொத்தப் புள்ளி எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, எந்தக் கருமத்தில் எவ்வளவு உதவி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிதல் நன்று. கட்டிலிலிருந்து எழுப்பும்போது எந்தப் பக்கத்தில் நிற்பது, எவ்விடத்தில் பிடிப்பது, எப்போது கையை எடுத்துவிடுவது என்பவற்றைத் தாதியரும் சிகிச்சையாளரும் செய்து காட்டுவர்; அவர்கள் முன்னிலையில் ஒருமுறை செய்து பார்த்துவிடவும் வேண்டும். வீட்டுக்குச் சென்றபின் மாதம் ஒருமுறை அந்தப் பத்துக் கருமங்களையும் வரிசையாக எண்ணிப்பார்த்து, எவற்றைத் தாமே செய்கிறார் என்று ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது அக்குறிப்பு வைத்தியருக்குப் பெரிதும் உதவும். தாமாக ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் குடிப்பது நலமுடையோர் பொருட்படுத்தாத செயல். மாதக்கணக்கில் பிறர் கையால் நீர் பருகியவருக்கோ, அட்டவணையில் அந்த ஐந்து புள்ளி ஏறும் நாள் மறக்கவொண்ணாத நாளாகும்.